ஃபுல் ஹவுஸுக்குச் சற்று முன்

எங்கள் சபையில் வருஷம் தவறாமல் அறுப்பின் பண்டிகை கொண்டாடுகிறோம். அறுப்பதற்கு எங்களிடம் எதுவும் கிடையாது. எங்கள் தாத்தாக்கள் வட ஆற்காட்டிலிருந்து கோலார்ப் பக்கத்து இந்தத் தங்கச் சுரங்க ஊருக்கு வந்தது பயிர் வைக்க அல்ல, மண்ணுக்குக் கீழே போய்ப் பாறையை உடைக்க. இருந்தாலும் பைபிளில் சொல்லியிருக்கிறது என்பதால், பேத்தமங்களாவிலிருந்தும் பூதிகோட்டையிலிருந்தும் பூசணி, கரும்பு, வாழைத்தார் எல்லாம் விலைக்கு வாங்கி வந்து பீடத்தின் முன்னால் அடுக்கிவைத்து, நாங்களே விளைவித்த முகத்தோடு ஆண்டவருக்கு நன்றி சொல்வோம். ஆராதனை முடிந்ததும் அதே பூசணியை ஏலத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவோம். பிறகு பிரியாணி. பிறகு ஹாலில் ஹவுசி.

ஹவுசி தெரியாதவர்களுக்கு: ஒரு துணிப்பையில் ஒன்று முதல் தொண்ணூறு வரை எண் எழுதிய மரக் காயின்கள் இருக்கும். மேடையில் ஒருவர் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கூவுவார். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் சீட்டில் அந்த எண் இருந்தால் பேனாவால் அடிப்பார்கள். மேல் வரிசையை முதலில் அடித்து முடித்தவருக்கு ஒரு பரிசு. கடைசியில் சீட்டு முழுவதையும் அடித்து முடித்தவர் 'ஹவுஸ்!' என்று கத்துவார். அதுதான் ஃபுல் ஹவுஸ், பெரிய பரிசு. வெள்ளைக்காரன் இந்த ஊரில் விட்டுப்போனவற்றில் இன்னும் பழுதில்லாமல் ஓடுவது இது ஒன்றுதான்.

கூவுவது நான். மற்ற நாட்களில் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரு போய் ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். ஒழிந்த நேரத்தில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். அவற்றைப் படித்தவர்களை நான் நேரில் பார்த்ததில்லை. ஆகவே என் ரசிகர் கூட்டம் என்பது வருஷத்துக்கு ஒருநாள், வயிறு நிறையப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, நகர முடியாமல் ஹாலில் உட்கார்ந்திருக்கும் சபையார்தான்.

வெறும் எண்ணைக் கூவினால் மதிப்பில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் ஒரு அடைமொழி வேண்டும். "மைன்ஸ் மூடின வருஷம், ரெண்டாயிரத்து... நம்பர் ஒன்!" என்பேன். சிரிப்பார்கள். "பென்ஷன் வரும்னு சொன்ன வயசு... சிக்ஸ்டி!" என்பேன். இன்னும் பலமாகச் சிரிப்பார்கள், பென்ஷன் வராதவர்கள் குறிப்பாக. காயினைக் கையில் எடுத்து, அதைப் பார்த்து, கூட்டத்தைப் பார்த்து, கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் நிற்பேன். அந்த மௌனம்தான் என் முழுத் திறமையும். மற்றதெல்லாம் எண்.

என் மனைவி மட்டும் சிரிப்பதில்லை. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் ஏற்கனவே வீட்டில் கேட்டுவிட்டவளின் பொறுமையோடு பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன பண்டிகையன்று மேல் வரிசைப் பரிசு போய்விட்டது. ஃபுல் ஹவுஸுக்கு அஞ்சு லிட்டர் குக்கர். ஹாலில் பாதிப் பேருக்கு ஒன்றிரண்டு எண்தான் பாக்கி என்று உட்கார்ந்திருக்கும் தோரணையிலேயே தெரிந்தது. பைக்குள் வலது கையை விட்டேன். காயின்கள் இருந்தன. விரல்கள் இருந்தனவா என்று சந்தேகமாக இருந்தது. யாரோ என் கைக்குப் பதிலாகக் கனமான ஒரு கையுறையை மாட்டிவிட்டதுபோல் அது பைக்குள் சும்மா கிடந்தது. இடது கையால் ஒரு காயினை எடுத்தேன். எழுபத்தாறு. எழுபத்தாறு என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதற்கான அடைமொழிகூடத் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன்.

வந்தது எண் அல்ல. எந்த மொழியும் அல்ல. எங்கள் ஊரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் எல்லாம் கலந்துதான் பேசுவோம், ஆனாலும் இது அந்தக் கலவையிலும் சேராது.

ஹால் சிரித்தது. நான் மறுபடி சொல்ல முயன்றேன். இன்னும் மோசமாக ஏதோ வந்தது. ஹால் குலுங்கியது.

"இன்னாமா ஆக்ட் பண்றான் பாரு!" என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் தொடையைத் தட்டினார். என் அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் சுரங்கத்தில் இருந்தவர். "குடிகாரன் மாதிரியே கீது!"

மேஜைமேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தேன். பாதி சட்டையில் வழிந்தது. அதற்குக் கைதட்டல். உண்மையைச் சொன்னால், எனக்குள் ஒரு ஆள் பயந்துகொண்டிருந்தபோதே இன்னொரு ஆள், இவ்வளவு வருஷமாக இந்தக் கூட்டத்துக்கு இதுதான் வேண்டியிருந்தது போலிருக்கிறது என்று குறித்துக்கொண்டான். மைக்கைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். அவர்கள் சிரித்து ஓய்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் அதைப் பற்றிப் பேசி, யாரோ டீ கொண்டுவந்து, டீயும் பாதி காலியாகும்வரை நின்றேன். கமிட்டிச் செயலாளர் மேடையோரம் வந்து, "அண்ணா, போதும்ணா, மேல போங்க, ஜனம் குக்கருக்காக உக்காந்துகினு கீது" என்றார்.

அப்புறம் அது விட்டது. கை என்னுடையதாயிற்று. வாய் என்னுடையதாயிற்று. "மன்னிக்கணும், கொஞ்சம் டெக்னிகல் ப்ராப்ளம்" என்றேன். ஒரு எழுத்துகூடப் பிசகாமல் வந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

எனக்குப் பெரிய கவலை ஒன்றும் வரவில்லை. காரணம் நான் பிறந்த ஊர். சுரங்கம் ஓடிய காலத்தில் இங்கே அடிக்கடி பூமி ஆடும். ஏர் பிளாஸ்ட் என்போம். ஆழத்தில் எங்கோ அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும், மேலே அலமாரியிலிருந்து பாத்திரங்கள் உருளும், ஓட்டிலிருந்து தூசி கொட்டும். அம்மா கரண்டியைப் பிடித்தபடி நிற்பார். ஆட்டம் நின்றதும் சைரன் அடிக்கிறதா என்று தெருவே காதைத் தீட்டிக்கொள்ளும். அடிக்கவில்லையென்றால் பாத்திரங்களைப் பொறுக்கி மேலே வைத்துவிட்டுக் குழம்பைக் கிளறுவார். ஆடியது, நின்றது, ஆகவே ஒன்றுமில்லை. எங்களுக்கு உடம்பைப் பற்றியும் இதே கொள்கைதான். பிரஷர் இருக்கிறது என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார், சாப்பிட்டேன், பிரஷர் இறங்கியது, நிறுத்திவிட்டேன். நின்றுவிட்ட ஆட்டத்துக்கு யாராவது மாத்திரை சாப்பிடுவார்களா?

ஆகவே இடது கையில் இருந்த காயினைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நெற்றியைத் துடைத்து, அடுத்த காயினுக்குப் பைக்குள் கைவிட்டேன். அப்போதுதான் என் மனைவியின் தங்கை மேடையேறினாள்.

அவள் நர்ஸ், பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு இன்சார்ஜ். பண்டிகைக்காக வந்திருந்தாள். என்னை மாமா என்று கூப்பிடுவாள், வாங்க போங்க என்பாள். ஆனால் அந்த மரியாதையெல்லாம் சொல்லின் கடைசி எழுத்தில் மட்டும்தான். கையில் ஹவுசி சீட்டு இருந்தது. அவளுக்கு ஒரே ஒரு எண்தான் பாக்கி.

"மாமா, சிரிங்க."

"எதுக்குமா?"

"பல்லு தெரிய சிரிங்க."

சிரித்தேன். கூட்டமும் சிரித்தது.

"ரெண்டு கையயும் முன்னாடி நீட்டுங்க. உள்ளங்கை மேல பாக்கட்டும். கண்ண மூடிக்கங்க."

நீட்டினேன், மூடினேன். எந்தக் கையும் இறங்கவில்லை. யாரோ விசிலடித்தார்கள். இது நிகழ்ச்சியின் அடுத்த பகுதி என்று நினைத்திருப்பார்கள்.

"ஒரு வாக்கியம் சொல்லுங்க."

"ஃபுல் ஹவுஸ் பரிசு அஞ்சு லிட்டர் குக்கர், ரெண்டு வருஷம் கேரண்டி." பிறகு நானே சொன்னேன்: "பார்த்தியா, எல்லாத்துலயும் பாஸ்."

"பாஸ்தான். கெளம்புங்க."

"பாஸானா எதுக்குமா கெளம்பணும்?"

"ஃபெயிலானா ஆம்புலன்ஸு. பாஸானா கார். அவ்ளோதான் வித்தியாசம்." மைக்கை அவளே அணைத்தாள். "எப்ப ஆரம்பிச்சுது?"

எனக்குத் தெரியவில்லை. செயலாளரைப் பார்த்தேன். அவர் மேஜைமேல் இருந்த எண் பலகையைப் பார்த்தார். "டாப் லைன் போனதுக்கப்புறம். ஃபுல் ஹவுஸுக்குச் சித்த முன்னாடி" என்றார் பொறுப்போடு. பிறகு சேர்த்துக்கொண்டார்: "கேஸ் ட்ரபுள்மா இது. ரெண்டாவது பிளேட் பிரியாணி நான்தான் போட்டேன், எனக்குத் தெரியும்."

"கேஸுல வாய் கோணுமா?"

"மேல ஏறிச்சுன்னா கோணும்" என்றார், அசையாமல்.

அதற்குள் மேடையில் ஒரு மருத்துவமனையே கூடிவிட்டது. ஒருவர் சோடா கொண்டுவந்தார். லோ பிரஷர் என்று ஒரு அம்மா உப்பைக் கரைத்தார், ஹை பிரஷர் என்று இன்னொரு அம்மா அதைத் தடுத்தார். முன்வரிசைப் பெரியவர் தன் சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து, "நாக்குக்கு அடியில வைடா, எனக்கு நெஞ்சு வலி வந்தப்ப இதான் காப்பாத்திச்சு" என்று ஒரு மாத்திரையை நீட்டினார்.

"பெரியப்பா, அது நெஞ்சுக்கு. இவருக்குக் கொடுத்தா பிரஷர் திடீர்னு எறங்கிப் போகும்" என்று மைத்துனி அதை வாங்கி மறுபடி டப்பாவிலேயே போட்டாள். "ஆஸ்பிரின் கொடுக்கலாமே" என்று விஷயம் தெரிந்த ஒருவர் ஆரம்பித்தார். "கொடுக்கலாம், டாக்டர் சொன்னா. மூளைக்குப் போற ரத்தம் கொஞ்ச நேரம் அடைச்சுதா, இல்ல உள்ள கசியுதான்னு வெளியில இருந்து யாராலயும் சொல்ல முடியாது. ஸ்கேன் பாக்கணும். அதுவரைக்கும் வாயில ஒண்ணும் போடாதீங்க. தண்ணிகூட வேணாம், முழுங்குறது சரியா கீதான்னு பாக்கணும்."

சோடா கொண்டுவந்தவர் அதைத் தானே குடித்துவிட்டார்.

நான் நியாயமான ஒரு திட்டத்தை முன்வைத்தேன். "நாளைக்குத் திங்கக்கிழமை. எப்படியும் பெங்களூரு போறேன். சீசன் டிக்கெட் கீது. ஆபீஸுல சொல்லிட்டு மத்தியானம் உங்க ஆஸ்பத்திரிக்கே வந்து காமிக்கிறேன். ஒரே செலவுல முடியும்."

செயலாளருக்கு இது மிகவும் சரியாகப் பட்டது. எங்கள் ஊரில் யாருக்கு எது வந்தாலும் அது மறுநாள் ரயிலுக்குக் காத்திருக்கும். பல் வலி, பத்திரப் பதிவு, பெண் பார்ப்பது, எல்லாம் சீசன் டிக்கெட்டில் அடக்கம்.

"அக்கா, நீ சொல்லு" என்றாள் மைத்துனி.

என் மனைவி எப்போது மேடைக்கு வந்தாள் என்று தெரியவில்லை. "வலது பக்கம் வாய் தொங்கிச்சு. நான் பார்த்தேன்" என்றாள்.

"பார்த்தா சொல்றதுதானே?"

"நீங்க எப்பவும் பண்றதுதானேன்னு நெனச்சேன்." கூட்டத்தின் பக்கம் கையைக் காட்டினாள். "எல்லாரும் சிரிச்சாங்க."

என் கலைக்கு இதைவிடச் சுருக்கமான விமர்சனம் இதுவரை வந்ததில்லை.

"அதான் நின்னுடுச்சே" என்றேன் நான் மறுபடி. "ஏர் பிளாஸ்ட் மாதிரி. ஆடிச்சு, நின்னுடுச்சு."

மைத்துனி என்னைப் பார்த்த பார்வையில் முதல்முறையாக நர்ஸ் இல்லை. அவளும் சுரங்கத் தொழிலாளி பெண்தான்.

"மாமா, ஏர் பிளாஸ்ட் நின்னதும் பாத்திரத்த எடுத்து வச்சது யாரு? மேல வீட்ல இருந்தவங்க. கீழ லெவல்ல இருந்தாங்களே உங்கப்பா, எங்கப்பா, அவங்க இன்னா பண்ணாங்க?"

பதில் முன்வரிசைப் பெரியவரிடமிருந்து வந்தது, கேட்ட கேள்விக்கு அனிச்சையாக.

"ஓடுவோம்மா. மேல ஏத்துற கேஜ் பக்கம் ஓடுவோம். சின்னது வெடிச்சா பின்னாலயே பெருசு வரும்."

"எப்ப வரும்?"

"அது சொல்லிகினா வரும்? ஒடனே வந்தாலும் வரும், நாளைக்கு வந்தாலும் வரும்."

"அதேதான் இதுவும்" என்றாள் அவள். "மொத ரெண்டு நாள்தான் ரொம்ப மோசம். நின்னுடுச்சுங்கறதாலதான் போகணும். நீங்க இப்ப வீட்ல இல்ல மாமா, கீழ லெவல்ல கீறீங்க."

பெரியவர் எழுந்து நின்றார். கொஞ்சம் முன்னால் தொடையைத் தட்டிச் சிரித்தவர். "பேகா, சீக்கிரம் எழுந்துபோடா. குக்கரு எங்கியும் போகாது" என்றார்.

சிரிப்பு எப்படி நின்றது என்று நான் கவனித்தேன். முன்வரிசையில் ஆரம்பித்துப் பின்னால் போய், கடைசியில் பிரியாணி அண்டா கழுவிக்கொண்டிருந்தவர்கள்வரை நின்றது.

செயலாளரே காரை ஓட்டினார். பக்கத்தில் இருக்கிற நர்சிங் ஹோமுக்குத் திருப்பப் பார்த்தார். "அங்க ஸ்கேன் கீதா?" என்றாள் மைத்துனி. இல்லை. "அப்பறம் எதுக்கு, டீ குடிக்கவா? நேரா கோலாரு போங்க." போகும் வழியெல்லாம் ஃபோனில் கோலாரில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவோடு பேசிக்கொண்டு வந்தாள். செயலாளர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அண்ணா, ஏதாவது பேசிகினே வாங்க. வாய் ஓடுதான்னு பார்க்கணும்ல" என்றார். வாழ்க்கையில் ஒருவர் என்னைப் பேசச் சொல்லிக் கேட்டுக்கொண்டது அதுதான் முதல்முறை. எனக்குப் பேச ஒன்றும் தோன்றவில்லை.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். சர்க்கரை இறங்கினாலும் சிலருக்கு இப்படியே வாய் குழறுமாம். பிரஷர் பார்த்தார், உயரத்தில் இருந்தது. நெஞ்சில் ஒயர் ஒட்டினார், இதயம் தாளம் தப்புகிறதா என்று பார்க்க. "யாவாக ஸ்டார்ட் ஆயித்து சார்?" என்றார். எப்போது ஆரம்பித்தது என்பது அவருக்கு உயிர்நாடியான கேள்வி. செயலாளர் முன்னால் வந்து, டாப் லைனுக்கு அப்புறம், ஃபுல் ஹவுஸுக்குச் சற்று முன் என்று கன்னடத்தில் விளக்கினார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் மைத்துனியைப் பார்த்தார். அவள் டீ வந்த நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டுச் சொன்னாள்.

பிறகு மார்க் போட்டார்கள். வயது, பிரஷர், எந்தப் பக்கம் விழுந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, சர்க்கரை வியாதி உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் மார்க். கை விழுந்ததற்கு நல்ல மார்க். பிரஷருக்கு மார்க். வயதுக்கு மட்டும் கிடைக்கவில்லை, இன்னும் சில வருஷம் பொறுத்திருந்தால் அதுவும் கிடைத்திருக்கும். நான் படிப்பில் சுமார். இங்கே மோசமில்லை என்று நினைத்தபோது, மார்க் ஏற ஏற ஆபத்து என்றார்கள்.

"மார்க் கொறைஞ்சாலும் அனுப்பக் கூடாது, டாக்டர்" என்றாள் மைத்துனி. அவர் "அனுப்பல சிஸ்டர்" என்றார், கொஞ்சம் அடிபட்ட குரலில்.

ஸ்கேனுக்கு முன் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். பையில் இருப்பதையெல்லாம் எடுக்கச் சொன்னார்கள். சாவி, சீசன் டிக்கெட், மரக் காயின் ஒன்று. டெக்னீஷியன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்ன தாயத்தா என்று கேட்டார். அதே சமயம் மைத்துனியின் ஃபோன் அடித்தது. ஹாலிலிருந்து பாஸ்டர். நான் போனபின் அவரே கூவிக்கொண்டிருந்தார். ஒருவர் ஹவுஸ் என்று கத்தியதும், எழுபத்தாறுக்காகக் காத்திருந்தவர்கள் பையைக் கொட்டிப் பார்த்தார்கள், அந்தக் காயின் பையிலும் இல்லை, பலகையிலும் இல்லை, ஆட்டம் செல்லாது என்று ஹாலில் சண்டை.

"அங்கிள் நல்லா கீறாரா? ஜெபத்துல வச்சிருக்கோம்" என்றார் பாஸ்டர் முதலில். அடுத்து, "அவர் பாக்கெட்ல ஒரு காயின் கீதான்னு பாக்க முடியுமா?" என்றார்.

மைத்துனி காயினைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து தன் சீட்டை எடுத்துப் பார்த்தாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், "ஹவுஸ்" என்றாள் ஃபோனில். "குக்கர எடுத்து வைங்க."

ஆட்டக்காரர் ஹாலில் இல்லாதபோது ஹவுஸ் செல்லுமா, மேடையில் கூவப்படாத எண் எண்ணாகுமா என்ற வழக்கு அன்று ஆரம்பித்தது. கமிட்டியில் இன்னும் தீர்ப்பாகவில்லை. குக்கர் பீரோவில் இருக்கிறது.

ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை. ஆனால் கழுத்தில் மூளைக்குப் போகும் இடது பக்கக் குழாய் நன்றாகக் குறுகியிருந்தது. அங்கே சேர்ந்த கசடில் துளி பிய்த்துக்கொண்டு போய், மேலே எங்கோ சிக்கி, பிறகு தானே கரைந்திருக்கும் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள், படுக்கை கொடுத்தார்கள். எனக்கு உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. ஹாலில் நான் போட்ட திட்டம்தான் எத்தனை நியாயமானது என்று படுத்தபடி யோசித்தேன். மனைவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, போர்வைக்கு வெளியே இருந்த என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை இட்லி வந்தது. அது எங்கள் சுரங்கத்திலிருந்து வெட்டியெடுத்த ரகம். அதைப் பற்றி நர்ஸிடம் ஒன்று சொல்லலாம் என்று நல்ல வாக்கியமாக யோசித்துவைத்துக்கொண்டு, அவர் திரும்பியதும் ஆரம்பித்தேன். முதல் சொல்லோடு வாய் நின்றது. பிறகு வந்தது மேடையில் வந்த அதே மொழி. தட்டு வலது கையிலிருந்து நழுவிக் கீழே உருண்டது.

யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் சிரிக்கவில்லை. எதிர்க் கட்டில்காரர் சிரிக்கவில்லை. என் மனைவி "சிஸ்டர், வாய்!" என்று கத்தினாள். அவள் அவ்வளவு உரக்கக் கத்தி நான் கேட்டதே இல்லை. மணி அடித்தது, ஆட்கள் ஓடிவந்தார்கள், கட்டில் அப்படியே உருண்டு ஸ்கேனுக்குப் போனது. இது முந்தைய நாள்போல் விட்டுவிடவில்லை. கசிவு இல்லை என்று பார்த்ததும் அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போட்டார்கள். எப்போது ஆரம்பித்தது என்று இந்த முறை யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் அந்த ஊசி போட முடிந்தது என்று பிறகு சொன்னார்கள். நேரம் தெரியாதவர்களுக்கும் நேரம் கடந்து வந்தவர்களுக்கும் அது பெரும்பாலும் கிடைப்பதில்லையாம்.

சாயங்காலம் கை அசைந்தது. அதற்குப் பிறகு சொற்கள், ஷிஃப்ட் முடிந்து கேஜில் ஆட்கள் மேலே வருவதுபோல் தொகுதி தொகுதியாக வந்தன. சில நாள் கழித்துக் கழுத்தைத் திறந்து குழாயைச் சுத்தம் செய்தார்கள். மூன்று தலைமுறையாக நாங்கள் பார்த்த வேலைதான், ஆள் மட்டும் மாறி.

படுத்திருந்தபோது ஒன்றைக் கணக்கிட்டுப் பார்த்தேன். அந்தத் திங்கட்கிழமை காலை, இட்லித் தட்டு விழுந்த நேரத்துக்கு, என் திட்டப்படி நான் ரயிலில் இருந்திருப்பேன். பங்காரப்பேட்டை தாண்டியதும் எங்கள் பெட்டியில் எல்லோரும் தூங்குவார்கள். தலை சாய்ந்து, வாய் ஒரு பக்கம் கோணி, எச்சில் வழிய. அப்படி இருப்பவரை யாரும் எழுப்ப மாட்டார்கள். விடிகாலையில் எழுந்து ரயில் பிடித்தவனுக்கு நாங்கள் காட்டும் மரியாதை அது. எனக்கும் காட்டியிருப்பார்கள். பெங்களூரு வந்ததும் யாராவது தோளைத் தொட்டு, "இன்னாணா, எறங்கல?" என்றிருப்பார்கள்.

இப்போது தினமும் பிரஷர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. பிரஷர் சரியாக இருக்கிறது. சரியாக இருப்பது மாத்திரையால் என்பதை என் மனைவி தினமும் காலையில் விளக்குகிறாள். 'ஸ்டேஷன்' போன்ற சில சொற்களுக்கு முன்னால் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. நல்லவேளை, ரயிலுக்கும் அதே பழக்கம்.

இந்த வருஷமும் பேத்தமங்களாப் பூசணிக்கு நன்றி சொன்னோம். ஹவுசிக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். மேடையேறினேன். பையில் கைவிட்டு ஒரு காயினை எடுத்தேன். பார்த்தேன். கூட்டத்தைப் பார்த்தேன். வழக்கம்போல் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றேன்.

ஹாலில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். செயலாளர் கார் சாவியை எடுத்துவிட்டார். முன்வரிசைப் பெரியவர், "தூக்குடா ரெண்டு கையயும்!" என்று கத்தினார்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, ட்வெண்டி த்ரீ" என்றேன் அவசரமாக. உட்கார்ந்தார்கள். அடுத்த காயினுக்கு அரை மூச்சு நின்று பார்த்தேன். மறுபடி நாற்காலிகள் நகர்ந்தன. அதற்குப் பிறகு நான் மௌனத்தை விட்டுவிட்டேன். எண்களை ஒன்றன்பின் ஒன்றாக, அடைமொழி இல்லாமல், ஸ்டேஷன் அறிவிப்புபோல் சொல்லிமுடித்தேன். இருந்த ஒரே திறமையும் போயிற்று.

என் மனைவி இரண்டாவது வரிசையில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். இப்போதும் சிரிக்கவில்லை. அவளிடம் சீட்டுகூட இல்லை. ஆட்டம் முடியும்வரை என் வாயின் வலது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.